வாட்டுக்கு முன் ஓமைக் கேளுங்கள்



ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் லீசிங்கில் வேன் எடுத்து ஓட்டுகிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பிறகு கண்டிக்கு ஹயர். வேனுக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர் இருந்தது, நன்றாகத்தான் பாடியது. தீபாவளிக்கு முன் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, பழைய அம்ப்பிலேயே சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். சில வாரங்களில் அம்ப் கொதித்தது, நின்று நின்று பாடியது. பிறகு ஒருநாள் புகை. "சாமான் போலியா, பூட்டிய ஆள் சரியில்லையா, எங்கள் நேரமா?" என்று கேட்கிறார்.

அம்மா, நேரத்தைக் குறை சொல்லாதீர்கள். சாமான் போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஸ்பீக்கரும் அம்ப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பொருத்தத்தைச் சொல்கிற அளவுக்கு இம்பிடன்ஸ் என்று பெயர். அதை ஓம் என்ற அலகில் குறிப்பார்கள்.

இது பொடியன்மாரின் விளையாட்டு, நமக்கென்ன என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பகுதியில் ஒரு வேனோ ஓட்டோவோ ஒரு வீட்டின் அடுப்பு எரிவதற்கான வழி. அதற்கு மாதாமாதம் லீசிங் கட்டுகிறோம். அதில் பூட்டும் செட்டுக்கான காசு சீட்டு எடுத்தோ, நகை வைத்தோ வந்ததாக இருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஓடிய வண்டியையே ஓட்டினோம். பழைய வண்டியைக் கொஞ்சம் புதிதாகக் காட்ட சீட் கவர், லைட், செட் என்று செலவழித்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் காசு கருகினால் அது வீட்டுக் கவலைதானே?

கடைக்குப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை வாட்ஸ்?" பெட்டியில் 1,200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வாங்கி வருகிறோம். ஓம் எத்தனை என்பது ஸ்பீக்கரின் பின்புறம், காந்தத்தின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு. அம்ப்பின் உயிர் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

பெரிய படிப்பெதுவும் இதற்கு வேண்டியதில்லை. மலையில் பிடித்த தண்ணீர் டேங்கிலிருந்து லயத்துக்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு பீலி திறந்திருந்தால் டேங்க் ஒரு வேகத்தில் இறங்கும். பக்கத்திலேயே இன்னொரு பீலியையும் திறந்துவிட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். அம்ப்பில் இரண்டு சப்வூஃபரைப் பக்கத்துப் பக்கத்தில் பூட்டுவது இதுதான். இரண்டும் கேட்கிற மின்சாரத்தை அந்த ஒரே அம்ப் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடிந்த அளவைத் தாண்டிக் கேட்டால் அது சூடாகும், பாதுகாப்புக்காகத் தானே நின்றுகொள்ளும், கடைசியில் எரியும்.

உங்கள் வீட்டில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தொடர் இணைப்பு, சமாந்தர இணைப்பு என்று அதில் இருக்கும் பாடமே இந்த முழு விஷயமும். தொடரில் ஓம்களைக் கூட்ட வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் பாதியாக்க வேண்டும். 4 ஓம் சப்வூஃபர் இரண்டு தொடரில் 8 ஓம், சமாந்தரத்தில் 2 ஓம். ஜேர்மனியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஜோர்ஜ் சைமன் ஓம் 1827-இல் புத்தகமாக வெளியிட்ட விதி, இன்று ஹேவாஹெட்ட கராஜ் ஒன்றில் நம் காசைக் காப்பாற்றுகிறது. பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அப்பாவின் வேனில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சரி, வீட்டு ஸ்பீக்கர்கள் பல 8 ஓம், 6 ஓம் என்று இருக்க, வாகனத்தில் ஏன் 4, 2 என்று இறங்குகிறோம்? வாகனத்தில் கிடைப்பது 12 வோல்ட் பட்டரி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்கும். வோல்ட் குறைவாக இருக்கையில் அதிக சக்தி எடுக்க வேண்டுமென்றால் தடை குறைய வேண்டும். அதனால்தான் கார் ஸ்பீக்கர்களுக்கு 4 ஓம் வழக்கமாயிற்று. பெரிய அம்ப்புகள் உள்ளேயே வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு அம்ப்புக்கும் இதற்குக் கீழே இறங்காதே என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை அம்ப்பின் லேபிளிலோ கூட வரும் தாளிலோ அச்சிட்டிருக்கும். தாளைக் கடையிலேயே எறிந்துவிட்டு வராதீர்கள்.

எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும்? 2 ஓமில் 300 வாட் தரும் அம்ப் ஒன்று என்று வையுங்கள். அப்போது அதன் ஸ்பீக்கர் வயரில் ஏறத்தாழ 12 ஆம்பியர் ஓடும். அதே அம்ப்பில் 1 ஓம் பூட்டினால், அதே வோல்ட்டுக்கு 24 ஆம்பியருக்கு மேல் கேட்கும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நம் வேன்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு சேனல் அம்ப்பில் இரண்டு சேனலைச் சேர்த்து சப்வூஃபருக்குக் கொடுப்பதை பிரிட்ஜ் செய்வது என்பார்கள். நல்ல முறைதான், சக்தி கூடும். ஆனால் பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் பார்க்கும். 4 ஓம் சப்வூஃபர் ஒன்று இருந்தால் ஒவ்வொரு சேனலும் பார்ப்பது 2 ஓம். பெரும்பாலான அம்ப்புகளுக்கு அதுதான் கடைசி எல்லை. ஒரு சப்வூஃபருடன் பிரச்சினையில்லாமல் பாடியது அதனால்தான். அதே இடத்தில் இரண்டாவதையும் சமாந்தரமாக மாட்டிய அன்று ஒவ்வொரு சேனலும் பார்த்தது 1 ஓம். கடிதம் எழுதிய தாயின் வேனிலும் இதுவே நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழி இருந்ததா? இருந்தது, செலவில்லாமலே. இரண்டையும் தொடரில் பூட்டியிருந்தால் 8 ஓம், அம்ப் குளிர்ச்சியாக ஓடியிருக்கும். அல்லது பிரிட்ஜைக் கழற்றி, ஒரு சேனலுக்கு ஒரு சப்வூஃபர் என்று கொடுத்திருக்கலாம். சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கூடுதல் சக்தி வேண்டுமென்றே இருந்தால், 2 ஓம் தாங்கும் மொனோ அம்ப் ஒன்றுக்குக் காசு சேர்க்கும்வரை பொறுத்திருக்கலாம்.

இப்போது கடைகளில் இரட்டைக் கொயில் சப்வூஃபர் நிறைய வருகிறது. பின்னால் இரண்டு கம்பி மாட்டும் இடத்தில் நான்கு இருந்தால் அது இரட்டைக் கொயில். ஒவ்வொரு கொயிலும் 4 ஓம் என்றால், ஒன்றை வைத்தே 2 ஓமோ 8 ஓமோ ஆக்கலாம். அப்படி இரண்டு சப்வூஃபர் இருந்தால் 1 ஓம், 4 ஓம், 16 ஓம் என்று மூன்று வழி. கொயில் 2 ஓம் ஆனது இரண்டு இருந்தால் அரை ஓம், 2 ஓம், 8 ஓம். கவனித்தீர்களா? கடைசிச் சோடியில் 4 ஓம் வரவே வராது. 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாத அம்ப் வைத்திருப்பவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்தச் சோடியை வாங்கிவந்தால் 8 ஓமில்தான் பூட்ட வேண்டியிருக்கும். அதனால் அம்ப்பின் எல்லையை முதலில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சப்வூஃபரை அதற்குப் பிறகு தெரிவு செய்யுங்கள்.

ஒன்று 4 ஓம், மற்றது 8 ஓம் என்று கையில் கிடைத்ததைக் கலந்து பூட்டுவதும் வேண்டாம். சமாந்தரத்தில் 4 ஓம் உள்ளது மற்றதைப்போல் இரண்டு மடங்கு சக்தியை இழுத்துக்கொள்ளும். பாவம், அதுதான் முதலில் போகும்.

பூட்டி முடித்ததும் ஒரு சின்ன வேலை. அம்ப்பில் மாட்டுவதற்கு முன், பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயர் முனையிலும் மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை வைத்து ஓம் பாருங்கள். 4 ஓம் என்று எழுதியது மீட்டரில் 3.2-இலிருந்து 3.6 வரை காட்டும். அது சரியானதே. மீட்டர் காட்டுவது கொயிலின் வெறும் தடை. பாட்டு ஓடும்போது உள்ள இம்பிடன்ஸ் அதைவிடக் கூடவே இருக்கும், சுருதிக்குச் சுருதி மாறவும் செய்யும். இரண்டு 4 ஓமைத் தொடரில் பூட்டி 8 ஓம் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை, ஒன்றே முக்கால் என்று காட்டினால் நிறுத்துங்கள். எங்கோ தொடருக்குப் பதில் சமாந்தரமாகியிருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கிறது அல்லது வயர் சேரவில்லை.

மீட்டர் வைத்தாயிற்றென்றால் ஒரு பென்டோர்ச் பட்டரியும் எடுங்கள், 1.5 வோல்ட் போதும். அதன் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும். இரண்டு சப்வூஃபரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று வெளியே, மற்றது உள்ளே என்றால் ஒன்றின் அடியை மற்றது அழித்துவிடும். இரண்டு பூட்டியும் ஒன்றின் சத்தம்கூட இல்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். பிழை எங்கே என்று தெரியாமல் வொலியூமைக் கூட்டி, கெயினைத் திருகி, நல்ல சாமானையும் எரித்துவிடுகிறார்கள். கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகி இல்லை. ரேடியோவிலிருந்து வரும் சமிக்ஞைக்கு அம்ப்பை ஒத்துப்போகச் செய்வது மட்டுமே அதன் வேலை.

இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 4 ஓமிலிருந்து 2 ஓமுக்கு இறங்கினால் சக்தி இரட்டிப்பாகும் என்கிறார்கள். உண்மைதான், அதுவும் அம்ப் முழுதாக ஒத்துழைத்தால். ஆனால் சக்தி இரட்டிப்பானால் காதுக்குக் கூடுவது 3 டெசிபெல். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதற்குச் சக்தி பத்து மடங்கு கூட வேண்டும். காதுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் கொஞ்சத்துக்காக அம்ப்பையும் பட்டரியையும் பணயம் வைப்பது நியாயமா, தம்பிமாரே? பெட்டியைச் சரியான அளவில், காற்றுக் கசியாமல் அடித்தால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும். அதைக் கொஞ்சம் பொறுமையான பாஸிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

நம் பாதையையும் யோசிக்க வேண்டும். தலாத்துஓயாவிலிருந்து மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டக்கு ஏறும் வாகனம் எப்படி ஓடுகிறது? பனிமூட்டத்தில் பகலிலேயே ஹெட்லைட் எரியும், மழைக்கு வைப்பர் ஓடும், கண்ணாடி மூடாமலிருக்க ஃபேனும் ஓடும். ஹெட்லைட் மட்டும் எட்டு, ஒன்பது ஆம்பியர் எடுக்கும். சின்ன வேன்களின் ஆல்டனேட்டர் முழு வேகத்தில் தருவதே பெரும்பாலும் 50 ஆம்பியரை ஒட்டித்தான். உண்மையாக 500 வாட் தரும் அம்ப் முழுச் சத்தத்தில் பட்டரியிடமிருந்து 45, 50 ஆம்பியர் கேட்கும். பாட்டு முழுவதும் அப்படிக் கேட்பதில்லை, அடி விழும்போதுதான். அந்த ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லூல்கந்துர பக்கம் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு பனியில் வளைவு திரும்பும்போது லைட் மங்கலாமா? எதிரே பஸ் வந்தால்? வளைவுக்கு வளைவு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சின் வேகம் குறைவு, ஆல்டனேட்டர் தருவதும் குறைவு. அப்போது எல்லாச் சுமையும் பட்டரி மேல். ஓட்டோவில் பட்டரியும் சின்னது, சார்ஜ் ஆகும் அளவும் சின்னது. அங்கே பெரிய அம்ப் பூட்டுவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

பெட்டியில் போட்ட வாட்டை நம்பலாமா என்று கேட்பவர்கள் அம்ப்பின் பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் என்றால், 14 வோல்ட்டில் உள்ளே போகக்கூடியது 420 வாட். அதில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். அப்படியிருக்க அது எப்படித் தொடர்ந்து 1,200 வாட் வெளியே தரும்?

பியூஸ் என்றதும் நினைவு வருகிறது, இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. பட்டரியிலிருந்து அம்ப்புக்கு வரும் தடித்த வயரில், பட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருந்தாக வேண்டும். அம்ப்பில் இருக்கும் பியூஸ் அம்ப்பைத்தான் காக்கும். நடுவில் எங்கோ தகரத்தில் உரசி வயரின் தோல் அறுந்தால், பட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும். வயர் சிவந்து சீட்டுக்கு அடியில் தீப்பிடிக்கச் சில விநாடி போதும். அந்த சீட்டில் காலையில் உட்கார்வது நம் பிள்ளைகள். வயரையும் பாருங்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிடத் தடை கூடியது, நம் ஈரக் காலநிலையில் முனைகளும் சீக்கிரம் அரிக்கும். மலிவு என்று அதை வாங்குவதென்றால் ஒரு சைஸாவது தடிப்பாக வாங்குங்கள்.

வண்டியிலிருந்து கழற்றிய அம்ப்பை வீட்டில் பட்டரி வைத்து ஓட்டும் பழக்கமும் லயங்களில் இருக்கிறது. அம்ப் ஓடட்டும், ஆனால் அந்தப் பட்டரியைப் படுக்கும் அறைக்குள் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. சுவாமி விளக்கு எரியும் மூலைக்கும் அடுப்புக்கும் தூரமாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு சொல்கிறது. மூடிய வேனுக்குள் சப்வூஃபர் அதை எளிதாகத் தாண்டும். 2007-இல் நம் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது நினைவிருக்கும். அந்தத் தீர்ப்பு வேன் செட்டைப் பற்றியது இல்லை. என்றாலும் விடியற்காலையில் கொழுந்துக்குப் போக வேண்டிய அக்காவும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உறங்கும் லயத்துக்கு முன்னால் பெட்டியை அதிரவிடலாமா என்பதற்குத் தீர்ப்பு எதற்கு?

பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சப்வூஃபரில் தப்பும் உறுமியும் நெஞ்சில் அடிக்கும் சுகம் எனக்கும் தெரியும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அது ஒரு துணை. அந்தத் துணை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். கராஜ்களில் வேலை செய்யும் பாஸ்மாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைப்பழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் மீட்டரை எடுத்து வையுங்கள், அம்ப்பின் எல்லைக்குக் கீழே இறங்கினால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் பாஸிடம்தான் நாங்கள் மறுபடி வருவோம்.

வாசகர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டு வண்டியில் ஒரு தடவை பாருங்கள்: அம்ப்பின் லேபிளில் எத்தனை ஓம், சப்வூஃபரின் பின்னால் எத்தனை ஓம், பட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் இருக்கிறதா. மூன்றையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் டேஷ்போர்டில் வையுங்கள். கணக்குப் புரியாவிட்டால் அந்த மூன்று விவரத்தையும் எங்களுக்கு எழுதுங்கள், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் தருகிறோம். பதில் வரும்வரை இரண்டாவது சப்வூஃபரை வாங்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்